காமாலை இறங்கினாலும் ரத்தத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. வீட்டுக்காரரும் மூத்த மகனும் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். மகனுக்கு 19 வயது. போன மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் கடைசியில், அவனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஆஸ்பத்திரியில் காட்டினோம். கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தேன், பத்தியமும் வைத்தேன். மூன்று வாரத்தில் கண் வெளுத்தது. ஜூன் 14-ல் தடை முடிந்ததும் படகேறிவிட்டான்.

ஜூலையில் தொடையிலும் முழங்கையிலும் நீலநீலமாகக் கன்றியிருந்தது. வலைக்கயிறு அழுத்தியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு பல் துலக்கினால் ரத்தம். கணுக்காலில் கடுகு தெறித்தாற்போல் சிவப்புப் புள்ளிகள், விரலால் அழுத்தினாலும் மறையவில்லை. ஒரு மருத்துவமனையில் உடம்புவலிக்கென்று இடுப்பில் ஊசி போட்டு அனுப்பினார்கள், ரத்தம் பார்க்கவில்லை. மறுநாள் ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கருத்து வீங்கிவிட்டது.

மதுரைக்குக் கொண்டு ஓடினோம். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள், குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியவை, 9 ஆயிரம்தான் இருந்தன. ஹீமோகுளோபின் 5. வெள்ளையணுவும் குறைவு. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஊற வேண்டிய இடத்தில் கொழுப்புதான் இருக்கிறது என்றார் டாக்டர். காமாலையின்போது கிளம்பிய எதிர்ப்பு அணுக்கள் அடங்காமல் சொந்த மஜ்ஜையையே அழித்துவிட்டனவாம். ஏபிளாஸ்டிக் அனீமியா என்று பெயர் சொன்னார். காமாலைக் கிருமிகளை ஏ, பி, சி, ஈ என்று சோதித்தும் எதுவும் அகப்படவில்லை. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அகப்படாது, காமாலை ஆறி இரண்டு மூன்று மாதத்தில், அதுவும் இளவட்டங்களுக்குத்தான் அதிகம் வரும் என்றார்.

இது மிக அபூர்வம். காமாலை கண்ட யாரையும் பயமுறுத்த நான் எழுதவில்லை, கீழாநெல்லியைக் குறை சொல்லவும் இல்லை. கண் வெளுத்ததும் நோய் போயிற்று என்று இருந்துவிட்டேனே, அதுதான் மனசை அறுக்கிறது.

இவனுக்கு வேறொருவர் மஜ்ஜையை மாற்றி வைக்க வேண்டும். உடன்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் மஜ்ஜை பொருந்துமாம். இவன் தங்கைக்குப் பொருந்தியிருக்கிறது. அதற்காக வேலூருக்குப் போகக் காத்திருக்கிறோம்.

எங்கள் கரையோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் காமாலைக்கு வருகிறவர்களின் பெயரைக் குறித்துவைத்து, இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் கூப்பிட்டு ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் முடிகிற சோதனை அது. கடலுக்குப் போகிற பையன் தானாக வரமாட்டான். கிராமச் செவிலியர் கரையில் வந்து அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.