பெற்றோருக்கு ஈடுபாடு இல்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் அரசுப் பள்ளிகளைப் பற்றி வந்த கட்டுரையில், புறநகர்ப் பள்ளிகள் பின்தங்கப் பெற்றோரின் ஈடுபாட்டுக் குறைவே காரணம் என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. எழுதியவர் சென்னை மாநகராட்சியின் தென்கோடியிலுள்ள சோழிங்கநல்லூரைத் தாண்டி வந்ததில்லை போலும்.

என் மகன் வீட்டுப் பேரன் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறான். மகள் வீட்டுப் பேத்தி, எல்லைப் பலகைக்கு இந்தப் பக்கம், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில். இரண்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர்தான். மாநகராட்சி சொத்து வரியோடு கல்வி வரியும் வசூலித்துத் தன் பள்ளிகளை நடத்துகிறது. அதில் 28 பள்ளிகளைப் புதுப்பிக்கப் பிரெஞ்சு அரசின் வளர்ச்சி முகமை வரை கைகொடுத்தது. நல்லது, எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை.

எங்கள் பள்ளியில் 240 பிள்ளைகள். அந்தக் கணக்குக்கு, மத்திய, மாநில அரசுகளின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் மானியம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். சாக்பீஸ், துடைப்பம், மோட்டார் ரிப்பேர் எல்லாம் அதற்குள். 251 பிள்ளை இருந்தால் 75,000 கிடைக்குமாம். "பதினொரு பிள்ளை பிடிச்சுக் கொடுங்கய்யா" என்று தலைமையாசிரியை என்னிடமே கேட்டார். நான் எங்கே போய்ப் பிடிப்பேன்? இந்தத் திட்டப் பணத்திலும் 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வைத்த கதை தங்களுக்குத் தெரியாததல்ல.

2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனபோது எங்கள் ஊரைச் சேர்க்கவில்லை. சேர்த்த ஊர்களுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கிருந்த 139 அரசுப் பள்ளிகள் மாநகராட்சியின் கைக்குப் போகவே 2022 ஆனது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் மேல்நிலை வகுப்புக்கே போயிருக்கும். இதைப் பற்றி அப்போதே ஒரு கடிதம் போட்டேன். தங்களுக்கு இடமில்லை போலும், வரவில்லை. நானும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறவன்தான். பள்ளி நூலகம் என்பது ஒரு பூட்டிய பீரோ.

சரி, ஈடுபாட்டுக்கு வருகிறேன். என் மகள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறாள். பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவு அடிப்பக்கம் உளுத்துக் கீல் கழன்றுவிட்டது. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொன்று வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தோழிகளை முறை வைத்திருக்கிறார்கள், என் பேத்திக்குச் செவ்வாயும் வியாழனும். ஒன்றிய அலுவலகத்துக்கு மூன்று மனு கொடுத்தாயிற்று. பொறியாளர் வந்து அளந்துகொண்டு போய் ஏழு மாதம் ஆகிறது. கதவு அளவு மாறிவிடுமோ என்று பார்க்கிறார்களோ என்னவோ!

தங்கள் நிருபர் ஒருவரை ஒரு செவ்வாய்க்கிழமை காலை இடைவேளைக்கு அனுப்பி வையுங்கள். படம் போட்டால் கதவு வரும். தாழ்ப்பாளை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், பெற்றோர் ஈடுபாட்டில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
சென்னைத் தென்புறநகர்