கிளிமஞ்சாரோ போகும் நிலாவுக்கு

அன்புள்ள நிலா,

கிளிமஞ்சாரோ மலையில் மச்சாமே பாதை வழியாக ஏறப்போவதாக உன் அப்பா சொன்னார். உச்சியின் படங்களைச் சலிக்கச் சலிக்கப் பார்த்திருப்பாய். 5,895 மீட்டரை எட்டுவாயா என்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய இரவுகளை எங்கே எப்படிக் கழித்தாய் என்பதில்தான் இருக்கிறது. ஆகவே கூடாரம் போடும் இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஏழு நாள் திட்டத்தையே எடு. ஆறு நாளாகச் சுருக்கினால் காசு மிச்சம்தான். ஆனால் வெட்டுப்படுவது கரங்கா முகாமின் இரவு. அதற்கு முந்தைய பராங்கோ முகாமிலிருந்து ஒரே மூச்சில், உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபு வரை நடந்து, அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். பலர் திரும்பி வருவது இங்கேதான்.

முதல் இரவு மச்சாமே முகாம், 2,835 மீட்டர். மழைக்காட்டின் மேல் விளிம்பு. குளிரைவிட ஈரம்தான் தொல்லை. நனைந்த துணி இங்கே காயாது, ஆகவே தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உடுப்பைத் தனியாகத் தண்ணீர் புகாத பையில் வை. பிளாஸ்டிக் கேரி பேக்கில் சுற்றி எடுத்துப் போகலாம் என்று நினைக்காதே. 2019 ஜூனிலிருந்து தான்சானியாவில் தடை, விமான நிலையத்திலேயே வாங்கிவிடுவார்கள். இரவில் டென்ட்டின் காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து மூடிவிட்டால், உன் மூச்சே உள்பக்கத் துணியில் நீராகப் படிந்து விடியும்போது முகத்தில் சொட்டும்.

அடுத்தது ஷிரா, ஏறத்தாழ 3,800 மீட்டர். காற்று அடிக்கும் வெட்டவெளி. தலைவலி பலருக்கு இங்கே தொடங்கும். எரிமலைச் சரளையில் டென்ட் முளைக்குச்சி பிடிக்காது. கயிறுகளைக் கல்லில் கட்டியிருக்கிறார்களா என்று இருட்டுவதற்குள் ஒருமுறை சுற்றிவந்து பார்.

மூன்றாம் நாள்தான் சூட்சுமம். 4,600 மீட்டரில் உள்ள லாவா டவர் என்ற பாறை வரை ஏறி, தூங்குவதற்கு 3,970 வாக்கில் இருக்கும் பராங்கோவுக்கு இறங்குவீர்கள். ஆக்சிஜன் குறைவு உடம்பை ஆழமாக மூச்சுவிடப் பழக்கும். தூக்கமோ தாழ்வான இடத்தில். குறுக்குவழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்காதே, டவரில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டே இறங்கு.

இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்த முகாம் பராங்கோதான். சுற்றிலும் ஆள் உயரத்துக்கும் மேலே ராட்சத செனேசியோ மரங்கள். கிட்டே போய்ப் பார்: காய்ந்த இலைகள் உதிராமல் தண்டைச் சுற்றியே தொங்கும், அதுதான் உறைபனிக்கு அந்த மரம் போட்டிருக்கும் கம்பளி. மேலே நுனி இலைகள் இரவில் குவிந்து குருத்தை மூடிக்கொள்ளும். கிழக்கே பராங்கோ சுவர் என்ற செங்குத்துப் பாறை மறைப்பதால் வெயில் தாமதமாகத்தான் வரும். போன், ஹெட்லேம்ப் பேட்டரி எல்லாம் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே இருக்கட்டும். மறுநாள் அந்தச் சுவரில் கையையும் ஊன்றி ஏறவேண்டிய இடங்கள் உண்டு, ஆகவே ஊன்றி நடக்கும் மடிப்புக் குச்சிகளைக் கிளம்பும்போதே பைக்குள் போட்டுவிடு.

கரங்கா, 4,000 மீட்டர் அளவில், சரிவான இடம். தலை மேட்டுப்பக்கம் இருக்கும்படி படு. கடைசித் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கில்தான். பராஃபுவில் நீ குடிக்கும் ஒவ்வொரு சொட்டும் இங்கிருந்து போர்ட்டர்கள் சுமந்து வந்தது. அங்கே முகம் கழுவத் தண்ணீர் கேட்காதே.

தூங்கும்போது சில நொடி மூச்சு நின்று, பிறகு திணறலோடு திரும்பும். உயரத்தில் இது சகஜம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி நேர்கோட்டில் நடக்கையில் தள்ளாடினாலோ சகஜம் இல்லை. விடியட்டும் என்று காத்திராமல் இறங்கு. உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றி ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதைச் சொல்லாமல் விடாதே. பசியும் மந்தமாகும். ஒரு டப்பா பருப்புப் பொடி, கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் போதும், அவர்கள் போடும் சோறு இறங்கிவிடும்.

பராஃபு, 4,673 மீட்டர். வெறும் பாறை முதுகு. கழிப்பறைக்குக்கூட ஹெட்லேம்ப் இல்லாமல் போகாதே. மதியம் சேர்ந்து, சாயங்காலமே சாப்பிட்டுப் படுத்து, பதினோரு மணி வாக்கில் எழுப்புவார்கள். உச்சிக்கான உடுப்பைப் போடும் வரிசையிலேயே அடுக்கிவிட்டுப் படு, இருட்டில் தேடினால் கை விறைத்துவிடும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, கம்பளி சாக்ஸுக்குள் தலைகீழாக வை. தண்ணீர் மேலிருந்துதான் உறையும், மூடிப்பக்கம் அடைக்காது. உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பையை நம்பாதே, வழியிலேயே குழாய் உறைந்துவிடும்.

உச்சிக்குப் பிறகு ம்வேகா முகாம், 3,100 மீட்டர். ஒரே நாளில் கிட்டத்தட்ட 2,800 மீட்டர் இறக்கம். கால் நகங்களைப் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டிவிடு. இறங்கும் முன் ஷூவின் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டு, இல்லாவிட்டால் விரல்கள் முன்னால் மோதி நகம் கறுத்துவிடும்.

அன்புடன்,
மாமா