ஷட்டர் வாங்கும் முன் ஜன்னலின் ஆழத்தை அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜன்னலுக்கு உட்புறம் மாட்டும் ஷட்டர்கள் (திருப்பக்கூடிய பட்டைகளை வரிசையாகப் பொருத்திய கதவுகள்) பற்றி உங்கள் வீட்டு அலங்காரப் பக்கத்தில் வந்த கட்டுரை நிறத்தையும் தோற்றத்தையும் நன்றாகவே விளக்கியது. அளவைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. பொருத்த வந்த இடத்தில் ஷட்டர் மாட்ட முடியாமல் நிற்பதற்கு முதல் காரணமே அளவுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆழம். 89 மி.மீ. அகலப் பட்டை கிடைமட்டமாகத் திரும்பி நிற்கும்போது, நடுவிலிருந்து இரு பக்கமும் 44 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். ஷட்டர் கதவின் தடிமன் 28 மி.மீ. என்றால், அதில் பாதியான 14 மி.மீ. போக, பட்டை கண்ணாடிப் பக்கமாகச் சுமார் 30 மி.மீ. துருத்தும். அங்கே ஜன்னலின் கைப்பிடியோ கொக்கியோ இருந்தால் பட்டை இடித்து, பாதித் திருப்பத்திலேயே நின்றுவிடும். அதனால் கண்ணாடியிலிருந்து அளக்காதீர்கள். உள்ளே அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் எதுவோ, அதன் முனையிலிருந்து சுவர் விளிம்புவரை அளங்கள். இடம் போதாவிட்டால் 63 மி.மீ. பட்டைக்கு இறங்கலாம், துருத்தல் 18 மி.மீ.க்குள் அடங்கும். இல்லையேல், சுவரின் மேல் தனிச்சட்டம் அடித்து அதில் மாட்டலாம்.

அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடங்களிலும் எடுத்து, மிகக் குறைந்ததையே கணக்கில் கொள்ள வேண்டும். பிறகு மூலைக்கு மூலை இரண்டு வாட்டிலும் டேப் பிடியுங்கள். இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் அளவு வித்தியாசம் வந்தால் ஜன்னல் திறப்பின் மூலைகள் செங்கோணமாக இல்லை என்று பொருள். அதற்குள் கச்சிதமாகச் செய்த கதவு ஒரு மூலையில் உரசும், எதிர் மூலையில் வெளிச்சம் கசியும். சுவர்மேல் படியும் விளிம்புள்ள சட்டம் கேட்டு வாங்கினால் இந்தக் கோணல் மறைந்துவிடும்.

இன்னொன்று, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உரசாமலிருக்கச் சில மில்லிமீட்டர் குறைப்பது வழக்கம். அதை நீங்களும் குறைத்து, செய்பவரும் குறைத்தால் இரட்டைக் கழிவாகி இடைவெளி பல்லிளிக்கும். கொடுப்பது திறப்பின் அளவா, முடிந்த ஷட்டரின் அளவா என்பதை ஆர்டர் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அகலமான ஒற்றைக் கதவு பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் எடை முழுவதும் கீலில் தொங்கி, நாளடைவில் பூட்டுப்பக்கம் இறங்கிவிடும். பி.வி.சி. ஷட்டரின் உள்ளே அலுமினியம் இல்லையென்றால் 600 மி.மீ. அகலத்தைத் தாண்டாதீர்கள். உயரமான கதவுக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டம் அவசியம். திருகாணி சுவர்ப்பூச்சைக் கடந்து செங்கல்லில் பிடிக்க வேண்டும். பூச்சில் மட்டும் நின்றால் கீலோடு பெயர்ந்து வரும்.

குளியலறைக்கும் சமையலறைத் தொட்டியருகிலும் எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வேண்டவே வேண்டாம். பெயின்ட் உரிந்த விளிம்பில் ஈரம் ஏறினால் ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. அங்கே பி.வி.சி.யே சரி. மற்ற அறைகளுக்கு எடை குறைந்த, நன்றாக உலர்ந்த மரம் நல்லது.

பட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் கடையிலேயே திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டுமே சாயும் வகைகளும் உண்டு. உள்விளிம்பு உயர்ந்து வெளிவிளிம்பு தாழ்ந்தால் வெளிச்சம் கூரைக்கு ஏறும், எதிர் மாடியிலிருந்து பார்ப்பவருக்கு அறை தெரியாது. நீங்கள் மாடியிலும் பார்ப்பவர் தெருவிலும் இருந்தால் மாற்றிச் சாய்க்க வேண்டும்.

வெயிலுக்காகவே ஷட்டர் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தில் ஒரு பகுதியைத்தான் உட்புற ஷட்டர் திருப்பி அனுப்பும். கண்கூச்சம் நன்றாகவே குறையும். அறைச் சூடு தணிய வேண்டுமானால் ஜன்னலுக்கு வெளியே நிழல் அமைப்பதற்கு முதலில் செலவிடுங்கள்.

இப்படிக்கு,
உள் அலங்கார மரவேலை செய்யும் வாசகர்