எந்த மீன், எந்தப் பாகம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எண்ணூர் முகத்துவாரத்து மீனைப் பற்றிச் செய்தி வந்தால் பெரும்பாலும் இரண்டு மாதிரித் தலைப்புதான் பார்க்கிறேன். ஒன்று, ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களால் மீனில் விஷம். இன்னொன்று, சாப்பிடலாம், எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது. முதல் மாதிரி வந்துவிட்டால் எங்கள் தெருவுக்குக் கூடை எடுத்து வரும் அக்கா ஆற்று மடவையையும் கடல் மீன் என்று சொல்லித்தான் விற்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது மாதிரி வந்தால் நாம் எல்லோரும் மறந்துவிடுகிறோம். எந்த மீனை எடுத்தார்கள், அதில் எந்தப் பாகத்தை அறுத்துச் சோதித்தார்கள் என்பது மட்டும் இரண்டிலும் இருப்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் செய்தியே.

நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எம்.ஃபில். பிள்ளைகள் கழிமுகத்திலிருந்து மீன் கொண்டு வருவார்கள். செவுள், கல்லீரல், சிறுநீரகம், சதை என்று தனித்தனியாக எடுத்து, மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற கருவியில் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடு போட்டுக் கொடுப்பது என் வேலை. நல்ல மடவையின் செவுளை நுண்ணோக்கியில் பார்த்தால் புதுச் சீப்பு மாதிரி இருக்கும். பல் பல்லாக, இடைவெளி விட்டு, ஒவ்வொரு பல்லும் மெல்லிசாக. கழிமுகத்து மீன்கள் சிலவற்றில் அந்தப் பற்களின் நுனி தடித்து, பக்கத்துப் பல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மேல்தோல் உரிந்து தூக்கி நிற்கும். தண்ணீரிலுள்ள உலோகம் முதலில் தொடுவது செவுளைத்தான். மீன் தற்காப்புக்காகச் சளியைச் சுரக்கிறது, தோல் தடிக்கிறது, அதனாலேயே மூச்சு வாங்க முடியாமல் திணறுகிறது. செவுள் இப்படி ஆவதற்கு ஒட்டுண்ணி, அம்மோனியா என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால்தான் ஸ்லைடை மட்டும் வைத்துக்கொண்டு உலோகம் என்று தீர்ப்பு எழுத முடியாது. அதே மீனின் துண்டுகளை அமிலத்தில் கரைத்துக் கருவியில் அளந்தும் பார்க்க வேண்டும்.

கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால் நல்ல மீன் என்கிறோமே, அது மீன் எப்போது பிடிபட்டது என்பதைத்தான் சொல்லும். எங்கே வளர்ந்தது என்பதைச் சொல்லாது.

இப்போது வரம்பு விஷயத்துக்கு வருகிறேன். மீனில் ஈயம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு. பொதுவாக இதைப் பார்ப்பது சதையில். ஆனால் ஈயமும் காட்மியமும் சதையில் அவ்வளவாகத் தங்குவதில்லை. ஈயம் சுண்ணாம்புச் சத்து போல நடித்து எலும்பில் போய் உட்காரும். காட்மியத்தை, மெட்டலோதயோனின் என்ற புரதம் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பிடித்துக் கட்டி வைக்கும். அதனால் சதையில் வரம்புக்குள் இருக்கிற அதே மீனின் கல்லீரலில் பல மடங்கு இருக்கலாம். சோதனை அறிக்கை பொய்யில்லை. ஆனால் அது பாதி மீனின் அறிக்கை.

நம் வீட்டில் யார் வெறும் சதையை மட்டும் சாப்பிடுகிறார்கள்? தலையைக் குழம்பில் போட்டால்தான் ருசி என்போம். சினையைத் தனியாக வறுத்துப் பிள்ளைகளுக்கு வைப்போம். பொடி மீனை முள்ளோடு மெல்லுவோம். நண்டு என்றால் ஓட்டைத் திறந்ததும் உள்ளே இருக்கும் மஞ்சள் விழுதுக்குத்தான் சண்டை. அதில் பெரும்பகுதி நண்டின் செரிமானச் சுரப்பி. கல்லீரல் வேலையை அதுதான் பார்க்கிறது, காட்மியமும் அங்கேதான் சேர்கிறது. ஐரோப்பிய நாடுகள் நண்டுக்கு வைத்திருக்கும் காட்மிய வரம்பு கால், கொடுக்குச் சதைக்குத்தான், ஓட்டுக்குள் இருப்பதற்கு இல்லை. நாம் எதை ஆசையாகத் தின்கிறோமோ அதைச் சோதிக்காமல் வரம்புக்குள் என்று சொல்லி என்ன பயன்?

பாதரசம் மட்டும் இதற்கு நேர்மாறு. மெத்தில் பாதரசமாக மாறிச் சதைப் புரதத்திலேயே ஒட்டிக்கொள்ளும். மஞ்சள், உப்பு, புளி போட்டு எத்தனை தண்ணீர் அலசினாலும் போகாது. வேகும்போது மீனிலிருந்து தண்ணீர்தான் வெளியேறும், பாதரசம் அல்ல. சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் அது கூடிக்கொண்டே போகும். பிரசவமான பெண்ணுக்குப் பால் ஊறும் என்று சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் ஊர் வழக்கம், என் மகளுக்கு நானும் கொடுத்தேன். அமெரிக்காவிலோ கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்கச் சொல்லி அரசே அறிவுரை தருகிறது. குட்டிச் சுறாவில் குறைவாகவும் பெரிய சுறாவில் அதிகமாகவும் இருக்கும், சரி. வெட்டித் துண்டு போட்டு வைத்த பிறகு எது குட்டி, எது பெரிசு என்று யார் கண்டார்கள்? ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவுப் பாதரசம் ஏறிய மீனைத் தின்று பலர் நோயுற்றது 1956-இல் வெளியே தெரிந்தது. அங்கே, பெரிதாக அறிகுறி இல்லாத தாய்மார்களுக்கும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. எண்ணூர் மினமாட்டா ஆகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிக் கத்துவதால் அடி விழுவது மீனவர் வயிற்றில்தான்.

அவர்கள் செய்த தவறு இதில் ஒன்றும் கிடையாது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குட்டைக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் கசிந்து கசிந்து கொசஸ்தலை ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், காட்மியம், குரோமியம் எல்லாம் உண்டு. காட்டுக்குப்பம் மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஜூலையில் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. அப்புறம் 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. கச்சா எண்ணெயில் நிக்கல், வனேடியம் என்ற உலோகங்கள் இருக்கும். மேலே மிதந்த எண்ணெயை வழித்து எடுத்தார்கள். சேற்றில் இறங்கியதை அங்கேயே மேயும் மடவையும் நண்டும் மட்டியும்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

அதனால் அரசுக்கு என் கோரிக்கை இது. மழைக்கு முன்னும் பின்னும் கழிமுகத்து மடவை, கெளுத்தி, இறால், நண்டு, மட்டி ஒவ்வொன்றையும் எடுத்து, சதை, கல்லீரல், செவுள், சினை, நண்டின் மஞ்சள் என்று பிரித்துச் சோதியுங்கள். செலவை மாசு செய்தவர்களிடம் வாங்குங்கள். முடிவைத் தமிழில், காசிமேட்டிலும் எண்ணூர் மீன் கடைகளிலும் பலகையில் எழுதி வையுங்கள். ஒரு மீனில் ஒன்றும் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள், கூடைக்கார அக்காவுக்கு அது சர்டிபிகேட் மாதிரி. விற்கக் கூடாது என்று ஒன்று வந்தால், அன்றைக்கே பிடித்தவருக்கு நஷ்டஈடும் வர வேண்டும்.

அதுவரைக்கும் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பொடி மீனானாலும் குடலையும் செவுளையும் எடுத்துவிடுங்கள். கழிமுகத்து நண்டின் மஞ்சளைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாவுக்குப் பதில் நெத்திலி, மத்தி கொடுங்கள். மீனே வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள்.

சோதனைக்கு ஆளில்லை, வசதியில்லை என்ற பதில் வரும் என்று தெரியும். உலோக அளவைப் பெரிய ஆய்வகங்கள் பார்க்கட்டும். திசுவைப் பார்க்கக் கல்லூரி விலங்கியல் துறைகளில் மைக்ரோடோம்கள் சும்மா கிடக்கின்றன. மீனை வாங்கிக் கொடுத்தால் சம்பளம் இல்லாமல் ஸ்லைடு போட்டுத் தர என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் சிலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆய்வக உதவியாளர்,
திருவொற்றியூர், சென்னை – 19.