பத்து நாள் வி.பி.எஸ்ஸ மூணு நாளா சுருக்கிட்டீங்களாமே: எங்க ஊர் சர்ச் சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சபை குருவானவர் ஐயரவர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

போன வாரம் அம்மா போன்ல சொன்னாங்க, இந்த வருஷம் நம்ம வேதக்கோயில்ல வி.பி.எஸ், அதான் லீவுல பிள்ளைங்களுக்கு நடத்துற வெக்கேஷன் பைபிள் ஸ்கூல், மூணே நாள்தானாம், அதுக்கும் பிள்ளைக்கு நூறு ரூபா கட்டி முன்கூட்டியே பேரு பதியணுமாம், டீ-ஷர்ட் உண்டாம், கதை பாட்டெல்லாம் ஸ்கிரீன்ல ஓடுமாம்னு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

எங்க காலத்துல முழுப் பரீட்சை முடிஞ்ச மறுவாரமே ஆரம்பிச்சுரும். காலைல எட்டரைக்கு மணி அடிக்கும், அவ்வளவுதான் நோட்டீஸ். பல்லு வெளக்கியும் வெளக்காமலும் ஓடுவோம், தேரி மண்ணு அந்நேரத்துக்கே சுட ஆரம்பிச்சிருக்கும், செருப்பு இல்லாதவன் வேலியோர நெழலப் பாத்து தாவித் தாவி வருவான். பிகினர், பிரைமரி, ஜூனியர்னு பிரிச்சு உக்கார வச்சா பிகினர் பூரா அழுகை. ஜூனியர் நாங்க வேப்ப மரத்தடில. பாய் கெடையாது, சாக்குதான்.

எங்க டீச்சரக்கா ஃபிளானல் போர்டுல கதை சொல்லுவாங்க. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னன்னே தெரியாது. ஒரு பலகைல பச்சை ஃபிளானல் துணி இழுத்துக் கட்டியிருக்கும், அட்டைல வெட்டுன படத்துக்குப் பின்னால உப்புத்தாள் ஒட்டியிருக்கும், துணில வச்சு அழுத்துனா அப்படியே புடிச்சுக்கும். மழை நாளோ ரொம்ப வெயிலோன்னா கோயிலுக்குள்ள போயிருவோம், அங்க ஃபேன் ஓடும். அங்கதான் வந்தது வினை. தாவீது கல்ல எடுக்கவே இல்ல, அதுக்குள்ள கோலியாத்து பொத்துன்னு கீழ விழுந்துட்டான்! சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. அக்கா ஒண்ணும் பேசாம சேலைல இருந்த குண்டூசிய எடுத்து அவன் நெத்தியிலயே குத்தி நிக்க வச்சாங்க. கல்லு படவேண்டிய அதே எடத்துல. கதை அதுக்கப்புறம்தான் நடந்துச்சு.

பத்தரைக்கு இடைவேளை, அண்டால கரைச்ச ரஸ்னாவும் காராசேவும். என்னைக்காவது ஐயருக்கு ஒத்தாசையா சபையப் பாத்துக்கிற உபதேசியார் பதநீர் கொண்டு வந்தார்னா ஓலைப் பட்டைல நுங்கையும் போட்டுக் குடுப்பார், அன்னைக்கு ரஸ்னாவ யாரும் சீண்ட மாட்டோம். குடிச்சு முடிச்சதும் பட்டைய யாரு தூரமா எறியறதுன்னு போட்டி, அடியும் வாங்குவோம்.

சரி, விஷயத்துக்கு வாறேன். எதிர்த்த வீட்டுப் பையன் ஒருத்தன், எங்க சபை இல்ல, அவங்க அப்பா பனையேறி, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவங்க வீட்டு வரி உண்டு. மணிச்சத்தம் கேட்டு மொத நாளு கேட்டுக்கு வெளிய நின்னான், ரெண்டாம் நாளு கேட்டுக்கு உள்ள நின்னான், மூணாம் நாளுதான் சாக்குல வந்து உக்காந்தான். அவன்கிட்ட யாரும் பேரு பதிஞ்சியான்னு கேக்கல, டீச்சரக்கா நகந்து எடம் விட்டாங்க, அம்புட்டுதான். அந்த வருஷம் மனப்பாடப் போட்டிக்கு பைபிள்ல சங்கீதம் 91, மொத்தம் 16 வசனம். நான் உபதேசியார் தெருவுல பொறந்தவ, எனக்குத்தான்னு நெனச்சிருந்தேன். பதினோராவது வசனத்துல ஒரு வார்த்தைய விழுங்கிட்டேன். அவன் கண்ண மூடிக்கிட்டு கடகடன்னு ஒப்பிச்சுட்டு ஃபர்ஸ்ட் பிரைஸ் சோப்பு டப்பாவத் தட்டிட்டுப் போனான். ரோஸ் கலர். அவங்க வீட்டுத் தொட்டிப் பக்கம் ரொம்ப வருஷம் இருந்துச்சு, பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கொடைச் செவ்வாய் அன்னைக்கு வில்லுப்பாட்டு சத்தத்துல எங்க ஆக்ஷன் சாங் எடுபடாது, பாதிப் பேரு வரவும் மாட்டான், டீச்சரக்காவும் சீக்கிரமே ஜெபம் பண்ணி விட்டுருவாங்க. நாங்க அவன் பின்னால கொடை பாக்கப் போயிருவோம். மறுநாள் காலைல அவன் எங்ககூட கோயில்ல. இதுல யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்ல.

இப்ப மூணு நாள்னு வச்சா, அவன் சாக்குல உக்காரும்போது நிறைவு விழா முடிஞ்சிருக்குமே ஐயரவர்களே! நூறு ரூபான்னா அவங்க அம்மா அனுப்பியே இருக்க மாட்டாங்க. 1898ல நியூயார்க்ல ஒரு அம்மா, லீவுல தெருவுல சுத்துற ஏழைப் பிள்ளைகளப் பாத்துட்டு, வேற எடம் கெடைக்காம ஒரு பீர்க் கடை ஹால வாடகைக்கு எடுத்து பைபிள் ஸ்கூல் நடத்துனாங்க. அதுவும் வாரக்கணக்குல. தெருப் பிள்ளைக்காக ஆரம்பிச்ச விஷயத்துக்கு நாம கேட்ல டோக்கன் குடுக்கப் போறோம். 33 வருஷம் பொறுத்து இடையன்குடி கோயிலக் கட்டி 1880ல பிரதிஷ்டை பண்ணுன திருநெல்வேலிச் சீமைக்காரங்க நாம, பத்து நாளு நமக்குக் கூடுதலா?

உங்க கஷ்டமும் தெரியாம இல்ல. டீச்சர் கெடைக்கல, எல்லாப் பொம்பளப் பிள்ளைகளும் வேலைக்குப் போயிருது, இந்த வெயில்ல மரத்தடில வைக்கவும் பயமாத்தான் இருக்கு. ஸ்கிரீன் வேண்டாம்னும் சொல்லல, பிகினருக்கு அழுகையாவது நிக்கும். டீ-ஷர்ட்டுக்கு ஆகுற துட்ட ரஸ்னாவுக்கும் சேவுக்கும் போடுங்க, மிச்சம்கூட வரும். டீச்சர் பஞ்சத்துக்கு என் பேர எழுதிக்கோங்க. மே மாசம் பத்து நாள் லீவு கேட்டு ஆபீஸ்ல மெயில் போட்டாச்சு. ஜூனியர் எனக்கு. கிராஃப்ட்டும் எடுக்கேன், ஐஸ் குச்சில வீடு கட்ட இன்னும் கை மறக்கல.

இன்னொரு விஷயம். கிறிஸ்மஸுக்கு வந்தப்ப ஐயர் அங்கி மாத்துற வெஸ்ட்ரி ரூம் பீரோ மேல அந்த ஃபிளானல் போர்டப் பாத்தேன், துணி ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு. பக்கத்து டப்பால படங்க அப்படியே கெடக்கு. கோலியாத்து நெத்தில ஓட்டை இருக்கு. பெயின்ட் அடிக்கும்போது குப்பைன்னு எடுத்துப் போட்டுராதீங்க, துணி நான் வாங்கிட்டு வாறேன்.

இப்படிக்கு,
அந்த ஒரு வார்த்தைய விழுங்குன ஜூனியர் பிள்ளை