இப்னு பதூதாவின் மதுரைப் பக்கங்களையும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்

தில்லித் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கும், தமிழ்ப் பள்ளிகளின் வரலாற்று ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் நம் பிள்ளைகள் 14-ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய மொராக்கோப் பயணி இப்னு பதூதாவைப் படிக்கிறார்கள். தேங்காயை மனிதத் தலையோடு ஒப்பிட்டவர், வெற்றிலையைத் திராட்சைக் கொடியைப் போல வளர்க்கிறார்கள் என்று எழுதியவர். தேர்வில் ஒரு கேள்வி வரும், எழுதுவார்கள், அத்தோடு மறந்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் பெரியவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவர் வேறு விதமாக வருகிறார். மதுரையில் நடந்த கொலைகளைப் பற்றி அவர் எழுதியதில் நான்கு வரிகளை மட்டும் வெட்டி எடுத்துச் சுற்றுக்கு விடுகிறார்கள். எழுதியவர் யார், எங்கே உட்கார்ந்து அதைப் பார்த்தார், பார்த்து என்ன நினைத்தார் என்பதெல்லாம் அதில் இருப்பதில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு முழு மனிதர் காணாமல் போகிறார். அவரை மீட்டுத் தர வேண்டிய கடமை தில்லியில் வாழும் தமிழர்களுக்கு மற்ற எவரையும்விட அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தில்லியில் குடியிருந்து, அங்கே செய்த திருமணத்தால் வந்த உறவின் தொடர்ச்சியாகவே மதுரை வரை போய், இரண்டு ஊரையும் எழுதி வைத்தவர் அவர்.

1304-இல் மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்தார். 21 வயதில் ஹஜ் பயணமாகக் கிளம்பியவர் 1334-இல் தில்லிக்கு வந்து சேர்ந்தார். தில்லி சுல்தான் முகமது பின் துக்ளக் அவரைக் காஜியாக, அதாவது நீதிபதியாக, அமர்த்தி, ஆண்டுக்கு 12,000 தினார் ஊதியம் கொடுத்தார். வந்த சில வாரங்களில் ஒரு வயது நிரம்பாத மகளைப் பறிகொடுத்தார். மெஹ்ரோலியின் ஹௌஸ் ஷம்சி குளத்தில் நீர் வற்றும்போது ஓரங்களில் கரும்பும் வெள்ளரியும் பயிராவதைக் குறித்தார். இன்று உணவகங்கள் நெருக்கியடிக்கும் ஹௌஸ் காஸ் கரையில் அன்று பாட்டுக் கலைஞர்கள் குடியிருந்தார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிகிறது. நகருக்கு வெளியே நிலவறையில் வாழ்ந்த ஒரு சூஃபி ஞானியைப் பார்க்கப் போனதற்காகச் சுல்தான் அவரைக் காவலில் வைத்தார். அப்படிக் காவலில் வைக்கப்பட்டவர்கள் உயிரோடு மீள்வது அபூர்வம். நோன்பிருந்து குர்ஆன் ஓதிக்கொண்டே நாட்களைக் கழித்தார். ஞானியின் உயிர் போயிற்று, இவர் தப்பினார்.

தில்லியில் அவர் மணந்தவர்களில் ஒருவர் ஹூர்நசப். இவருடைய தந்தை ஜலாலுதீன் அஹ்சன், தில்லியின் ஆளுநராக மாபாருக்கு, அதாவது நம் தென்தமிழகத்துக்கு, அனுப்பப்பட்டு, 1335 வாக்கில் மதுரையில் தன்னையே சுல்தானாக அறிவித்துக்கொண்டவர். ஹூர்நசபின் சகோதரியை மணந்த கியாசுதீன் தாமகானி பின்னர் அதே மதுரையின் சுல்தானானார். ஆக, 1344 வாக்கில் இலங்கையிலிருந்து வந்து புயலில் கப்பல் சிதைந்து நம் கரையில் ஒதுங்கிய இப்னு பதூதா, தன் சகலையின் நாட்டில்தான் கால் வைத்தார்.

விருந்தாளியாகப் போனவர் எழுதியதைப் பாருங்கள். சுல்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வலப்பக்கம் காஜி, இடப்பக்கம் இவர். ஓர் இந்துவையும் அவர் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். முதலில் அந்த மனிதரின் தலையை வெட்டச் சைகை காட்டுகிறார் சுல்தான். பிறகு மனைவியும் மகனும். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடக்கின்றன. பிடிபட்ட குடும்பங்கள் கழுமரங்களில் ஏற்றப்பட்டதையும் இவர் எழுதுகிறார். தோற்றுப்போன முதிய ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளனின் தோலில் வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததைக் கண்ணால் பார்த்ததாகவும் எழுதுகிறார். பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற இந்த இழிசெயலை வேறு எந்த அரசனிடமும் கண்டதில்லை, இதற்காகவே இறைவன் அந்தச் சுல்தானின் சாவை விரைவுபடுத்தினான் என்பது அவர் தீர்ப்பு. தன் மதத்தவன், தன் உறவினன், தனக்குச் சோறிட்டவன் என்று பார்த்து அவர் மூடி மறைக்கவில்லை.

வெட்டி ஒட்டப்படும் நான்கு வரிகளில் இந்தத் தீர்ப்பு இருப்பதில்லை. மறுபக்கம், பிள்ளைகளின் மனம் நோகும் என்று இந்தப் பக்கங்களையே விட்டுவிடும் நல்லெண்ணமும் எனக்கு ஏற்புடையதல்ல. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதைத் தாங்கும் வலு இருக்கிறது. முழுதாகச் சொல்லாவிட்டால், அவன் அதை வெட்டி ஒட்டியவரிடமிருந்துதான் தெரிந்துகொள்வான்.

அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். மதுரையைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போன நாட்களில், நல்ல உடல்நலம் உள்ளவள் என்ற உறுதியோடு விற்கப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணை அவர் வாங்கினார். மறுநாளே அவள் இறந்துபோனாள். அதைச் சொல்ல அவருக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. ஹூர்நசப் இரவெல்லாம் தொழுவார், தனக்கு ஒரு மகளைப் பெற்றுக் கொடுத்தார் என்று நல்லபடியாகச் சொல்லிவிட்டு, அந்த இருவரையும் இறைவன் என்ன செய்தான் என்று தெரியவில்லை என்று முடித்துவிடுகிறார். உலகம் சுற்றிய பெருமையைப் பேசும்போது இந்தத் தாயையும் மகளையும் சேர்த்தே பேச வேண்டும்.

கடற்கொள்ளையரிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்த பின், பல ஆண்டுகள் கழித்து, மொராக்கோ சுல்தானின் கட்டளைப்படி நினைவிலிருந்து சொல்லி எழுதுவித்ததுதான் அவருடைய பயண நூல். 1355-இல் முடிந்தது. எல்லாம் அப்படியே உண்மையாகிவிடாது. குதுப்மினாரின் படிவழி யானை ஏறும் அளவுக்கு அகலம் என்கிறார். 1981 விபத்துக்குப் பிறகு உள்ளே யாரையும் விடுவதில்லை என்றாலும், வாசலை வெளியே நின்று பார்த்தாலே பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். ஒரு சாட்சியை எங்கே நம்புவது, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது என்று கற்றுத் தர இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

தாஞ்சியர் விமான நிலையத்துக்கு அவர் பெயர். துபாயில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்கு அவர் பெயர். நிலவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர்தான். நான் சிலையோ சாலையோ கேட்கவில்லை. 1998-இல் வாஸ்கோ ட காமா வந்திறங்கிய 500-ஆம் ஆண்டை விழாவாக்குவதா என்று எழுந்த சச்சரவு பலருக்கு நினைவிருக்கும். மாலை போட்டால் அந்த மனிதர் செய்த எல்லாவற்றுக்கும் மாலை போட்டதாகிறது. வாசித்தால் அந்தச் சிக்கல் இல்லை.

முனிர்க்காவிலிருந்து மெட்ரோவில் மூன்றே நிலையம் தள்ளி ஹௌஸ் காஸ். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பிஜய் மண்டல் இருக்கிறது. வண்ணம் தீட்டிய மரத்தூண்களோடு இப்னு பதூதா வருணித்த துக்ளக்கின் ஆயிரம் தூண் அரண்மனை இதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மலை மந்திருக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் ஆண்டாண்டாய் வந்துபோகும் நம் குடும்பங்களில் பெரும்பாலோர் அங்கே காலடி வைத்ததில்லை. தேர்வு நெருங்கும் முன், டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உங்கள் மாணவர்களையும் பெற்றோரையும் அங்கே கூட்டி வாருங்கள். தில்லிப் பக்கங்களையும் மதுரைப் பக்கங்களையும் ஒன்றாகத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி, மேடை, பொன்னாடை எதுவும் வேண்டாம். வாசிப்பு முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு ஓர் ஆசிரியர் பதில் சொன்னால் போதும்.

வாசிக்க வேண்டிய பகுதிகளைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தட்டச்சு செய்து, படிகள் எடுத்துத் தருவதை நான் ஏற்றுக்கொள்கிறேன். எந்த அமைப்பு முன்வந்தாலும் சரி, அக்டோபருக்குள் நாளைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
முனிர்க்காவிலிருந்து,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்