பொம்மையில் விடுபட்ட அறம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இராமன், அனுமன் போன்ற இதிகாசப் பாத்திரங்கள் வெறும் சண்டை வீரர்களாகப் பொம்மைகளிலும் கார்ட்டூன்களிலும் பெருகிவருவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தெய்வங்களைப் பொம்மையாக்குவதே தவறு என்னும் கருத்தை நான் ஏற்கவில்லை. கொலுப்படியில் தசாவதாரத்தையே பொம்மைகளாக அடுக்கும் மரபு நம்முடையது; 1967-இல் தொடங்கிய 'அமர் சித்திரக் கதா' படக்கதை நூல்களின் வழியே புராணம் அறிந்தவர்களும் நம்மில் ஏராளம். குறை வேறிடத்தில் இருக்கிறது. இன்றைய பொம்மைகளில் வீரம் மட்டும் எஞ்சி, அதைக் கட்டுப்படுத்திய அறம் உதிர்ந்துவிடுகிறது. முதற்போரில் படைக்கலம் அனைத்தையும் இழந்து நின்ற இராவணனைக் கொல்லாமல், 'இன்று போய் நாளை வா' என்று அனுப்பிய இடத்தில்தான் கம்பனின் இராமன் மிக உயர்ந்து நிற்கிறான். சென்ற நவராத்திரியில் எங்கள் வீட்டுக்குக் கொலு பார்க்க வந்த ஒரு சிறுவன், விசையை அழுத்தினால் அம்பு எய்யும் இராமன் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு அத்திரங்களின் பெயர்களைத் தடையின்றிச் சொன்னான். ஆயுதமிழந்த பகைவனை இராமன் உயிரோடு அனுப்பிய செய்தியை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

காரைக்குடியில் 1939-இல் தோன்றிய கம்பன் கழகம், தனது பங்குனி விழாவில் 'இன்று போய் நாளை வா' காட்சியைப் பள்ளி மாணவர்களே படக்கதையாக வரையும் போட்டி ஒன்றை நடத்தலாம். தேர்ந்தெடுத்தவற்றைச் சிறு நூலாக அச்சிட்டு, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி கோயில்களுக்கு அருகே பொம்மை விற்கும் கடைகளிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கச் செய்யவும் கழகத்தார் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி